ஹேண்டில்பார் உதறுகிறதா? முதலில் காற்றைப் பாருங்கள்

'பயிரைப் பற்றி இல்லை, புல்லட்டைப் பற்றி ஒரு சந்தேகம், கேட்கலாமா?' என்று தயங்கியபடி ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா 1976-ல் வாங்கிய புல்லட் 350. தினமும் காலையில் இரண்டு பால் கேன்களைப் பின்னால் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார். 60-ல் போய்விட்டு ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால், 50-க்கு வரும்போது ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் உதறுகிறதாம். இரண்டு முறை கோன் செட் மாற்றியும் நிற்கவில்லை. மகளைப் பின்னால் ஏற்றவே பயமாக இருக்கிறது, விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம். 28 வருடங்களாக நான் வயல் வயலாகப் போய்வருவதும் பெரியப்பா கொடுத்த பழைய புல்லட்டில்தான். திருவொற்றியூரில் 1956-ல் தொடங்கிய தொழிற்சாலை நமக்குக் கொடுத்த வண்டி அது. என் வண்டிக்கும் இதே உதறல் வந்தது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், பின்னால் மனைவி உட்கார்ந்திருக்க, இறக்கத்தில் ஹேண்டில்பார் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போவதுபோல ஆடியது. பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்தேன், ஆட்டம் இன்னும் கூடியது. மண் ஓரத்தில் ஏறி எப்படியோ நின்றோம். அன்று பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவள், அதன்பின் ஆறு மாதம் அந்த வண்டியில் ஏறவில்லை.

நானும் கோன் செட்தான் மாற்றினேன். இலை மஞ்சளானால் உடனே துத்தநாகம் தெளிக்கும் விவசாயியைக் கண்டித்துவிட்டு, மாலையில் அதே வேலையை வண்டிக்குச் செய்திருக்கிறேன். அடி இலை மஞ்சளா, நுனி இலை மஞ்சளா என்று பார்க்காமல் மருந்து சொல்லக்கூடாது. இங்கேயும் அப்படித்தான். கைப்பிடி மட்டும் வேகமாக உதறினால் கோளாறு பெரும்பாலும் முன்பக்கம். வேகம் கூடும்போது வண்டி முழுவதும் பாம்புபோல மெல்ல நெளிந்தால் பின்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். கேன் நிறைந்திருக்கும்போது மட்டும் ஆட்டம், காலியாகத் திரும்பும்போது இல்லை என்றால், காரணம் பாரம்.

எதையும் கழற்றுவதற்கு முன் காற்று. அதையும் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் பார்க்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடாகி அளவு கூடுதலாகக் காட்டும். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது கணக்கில் சேராது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். முன்னும் பின்னும் 3.25-19 டயர் போட்ட பழைய 350-க்கு, முன்சக்கரத்தில் 18 முதல் 20 பாயிண்ட், பின்சக்கரத்தில் தனியாகப் போனால் 28 முதல் 30, பின்னால் ஆளோ பாரமோ இருந்தால் 32 வரை வைக்கலாம். வேறு அளவு டயர் மாற்றியிருந்தால் அந்த டயருக்கு உரிய அளவைக் கேட்டு வையுங்கள். காற்றுக் கடையில் 'ரெண்டுக்கும் முப்பத்தஞ்சு வெச்சிட்டேன் சார்' என்பார்கள். முன்சக்கரம் அப்படிக் கல்லாகிவிட்டால் ஒவ்வொரு குழியிலும் துள்ளும். குறைந்தாலோ டயரின் பக்கச்சுவர் நெளிந்து நெளிந்து உதறலை வளர்க்கும்.

என் வண்டியில் அன்று முன்சக்கரத்தில் இருந்தது 11 பாயிண்ட். பஞ்சர் இல்லை. வால்வு முனையில் எச்சில் வைத்துப் பார்த்தபோது மெல்லக் குமிழி விட்டது. வால்வு நேராக நிற்காமல் சாய்ந்தும் இருந்தது. காற்று குறைந்த டயர், பிரேக் பிடிக்கும்போது ரிம்மில் நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், அதற்கு அடையாளம் அந்தச் சாய்வு. அப்படியே விட்டால் வால்வு வேரோடு கிழிந்து ஓடும்போதே மொத்தக் காற்றும் போய்விடும்.

20 வைத்து ஓட்டினேன். முக்கால்வாசி உதறல் போயிற்று. மீதிக்கு டபுள் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் 'டக்' என்று தட்டக்கூடாது. ஹேண்டில்பார் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தானாக விழ வேண்டும். நடுவில் சிக்கி நின்றால் கோனில் குழி விழுந்திருக்கிறது. கோனை அளவுக்கு மீறி இறுக்கினாலும் வண்டி நேராக ஓடாது, இதைப் பலரும் மறக்கிறார்கள். சிலர் மேலே இருக்கும் ஸ்டீரிங் டேம்பர் திருகை இறுக்கி ஆட்டத்தை அடக்குவார்கள். அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

ஸ்போக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வரும் கம்பி தளர்ந்தது. அதைக் கோட்டம் எடுப்பவரிடம் விட்டுவிடுங்கள். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கும். செயின் இறுக்கும்போது இரண்டு பக்கத்து நத்தை வடிவ அட்ஜஸ்டரும் ஒரே பல்லில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பல்லையும் முழுதாக நம்ப வேண்டாம். வரிசை நடவுக்குக் கட்டும் கயிறு வீட்டில் இருக்குமே, அதைப் பின்டயரின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஒட்டி, முன்சக்கரம் வரை இழுத்துப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் முன்டயருக்கும் கயிற்றுக்கும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். என் வண்டியில் இடப்பக்கம் ஒரு விரல் கூடுதலாக இருந்தது. ஒரு பல் திருப்பியதும் மீதி ஆட்டமும் நின்றது. செலவு, வால்வு போன டியூபுக்கு மட்டும்தான்.

வாசகருக்கு இன்னும் ஒரு வேலை. கேன்கள் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் எடை இழந்து லேசாகிவிடும். கேரியரை முன்னால் தள்ளி, சீட்டை ஒட்டி, தாழ்வாகக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு பால் இருக்கட்டும். ஓட்டும்போது உதறல் வந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள், கைப்பிடியை முறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். விற்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. உங்கள் முன்டயரில் என்ன எண், காற்று எத்தனை பாயிண்ட், வால்வு நேராக நிற்கிறதா என்ற மூன்றையும் குறித்து அனுப்புங்கள். அதுவரை மகளைப் பஸ்ஸில் அனுப்புங்கள்.