அரை நாள் ஆசிரியர்

வாரத்திலே மூன்று அரை நாட்கள். மாதம் ரூ.5,000. இந்தக் கணக்கிலேதான் 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியமும் இசையும் தையலும் கற்பிக்க ஆள் எடுத்தார்கள். உடற்கல்வி, கணினி முதலியவற்றையும் சேர்த்து 16,549 பணியிடங்கள் என்று அறிவிப்பு. எண்ணைக் கேட்டால் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆசிரியர் மீதி நாட்களிலே என்ன செய்வார், எதைக் கொண்டு உண்பார் என்று எவரும் கேட்கவில்லை.

அரை நாள் ஏன்? மாநில சர்க்காரின் மீது பாய்வதற்கு முன்னால், தோழர்களே, சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களிலே ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று சொல்லும் அட்டவணை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக் கல்விக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழில் கல்விக்கும் 'பகுதிநேர' ஆசிரியர் வேண்டும் என்கிறது அது. கணக்குக்கு முழுநேரம், கலைக்குப் பகுதிநேரம். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது!

அதுகூடப் போகட்டும். அந்த 'நூறு' என்ற சொல்லை மட்டும் சற்று நின்று பாருங்கள். கிராமத்துப் பள்ளி, ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் மொத்தம் எழுபது பிள்ளைகள். கூலிக்காரன் மகனும் விவசாயி மகளும் படிக்கிற பள்ளி. சட்டப்படி அங்கே ஓவிய ஆசிரியர் தேவையில்லை. நகரத்துப் பிள்ளை தனியார் பள்ளியிலே கட்டணம் கட்டிக் கீபோர்டு வாசிக்கிறான், பரதம் படிக்கிறான். எழுபது பேரில் ஒருவனாகப் பிறந்தவனுக்கு வண்ணப் பெட்டியைத் திறந்து காட்ட ஓர் ஆள் கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைகளுக்கோ அந்த அட்டவணை கலை ஆசிரியர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இனிப் பணம் வரும் வழியைப் பார்ப்போம். அனைவருக்கும் கல்வி இயக்கம் என்ற திட்டத்தின் கீழ் வந்தது இந்த ஊதியம். 2018இல் அது 'சமக்ர சிக்ஷா' என்று பெயர் மாறிற்று. நூறு ரூபாயில் அறுபது டில்லியின் பங்கு, நாற்பது மாநிலத்தின் பங்கு. ஆண்டுதோறும் திட்டம் எழுதி, டில்லிக்குக் கொண்டுபோய், ஒப்புதல் வாங்க வேண்டும். நிரந்தரப் பணி என்றால் கருவூலம் பொறுப்பு. திட்டப் பணி என்றால் மானியம் வந்தால்தான் பொறுப்பு! அதனால்தான் பல ஆண்டுகள் மே மாதத்திலே இவர்களுக்கு ஊதியமே இல்லை. பள்ளிக்குத்தானே விடுமுறை, வயிற்றுக்குமா விடுமுறை?

அந்த மானியம் எத்தகைய நூலிலே தொங்குகிறது என்பதை 2024-25ஆம் ஆண்டு காட்டிற்று. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் ரூ.2,152 கோடியை டில்லி நிறுத்திற்று. 2025இல் மாநில அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. விந்தை என்னவென்றால், எந்தக் கொள்கைக்காகக் கையெழுத்துக் கேட்டார்களோ அந்த 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே சுவர் கூடாது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறது. சுவர் கூடாதாம், சோற்றுக்கான பணம் மட்டும் நிற்கலாமாம்!

மாநிலத்தின் பங்கையும் பேசாமல் விட நமக்கு மனம் வரவில்லை. மாதம் ரூ.5,000 என்று தொடங்கிய ஊதியம் 2021இல்தான் ரூ.10,000ஐத் தொட்டது. 2023இல் சென்னை டி.பி.ஐ. வளாகத்திலே ஆசிரியர்கள் இரவும் பகலும் உட்கார்ந்த பிறகு மேலும் ரூ.2,500 கூட்டுவதாக அறிவிப்பு வந்தது. ஆட்சிகள் மாறின, 'பகுதிநேரம்' என்ற சொல் மாறவில்லை. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளிலே கலைத் திருவிழா நடந்தது, நல்ல காரியம். பறையும் கூத்தும் பள்ளி மேடையிலே ஏறியதைப் பார்த்து நாமும் மகிழ்ந்தோம். ஆனால் திருவிழாவுக்குப் பயிற்சி கொடுப்பவர் யார்? ஆசிரியர் இருக்கும் பள்ளியின் பிள்ளை மாவட்டம் தாண்டுகிறது. இல்லாத பள்ளியின் பிள்ளை கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறது.

"கஞ்சிக்கே வழியில்லை, இதிலே ஓவியம் எதற்கு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். லேத் பட்டறையிலே நிற்கும் தோழரைக் கேளுங்கள்: வரைபடம் படிக்கத் தெரியாமல் ஒரு துண்டு இரும்பைக் கடைய முடியுமா? பிளானைப் பார்த்துச் சுவர் எழுப்பும் கொத்தனாரைக் கேளுங்கள். தையற்கூடத்திலே துணி வெட்டுபவரைக் கேளுங்கள். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகும் இடம் ஓவிய வகுப்பு. உழைப்பவன் பிள்ளைக்கு அது ஆடம்பரம் என்று சொன்னவன் உழைத்துப் பார்த்தவனல்லன்.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்திலே, 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டிய பின் பள்ளிகள் முதலிலே கைவைத்த இனங்களுள் இசையும் ஓவியமும் இருந்தன. 2022 நவம்பரில் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள்; நூற்றுக்கு 64 பேர் அளவுக்கு ஆதரித்தனர். பள்ளிகளுக்கான பொது நிதியிலே நூற்றுக்கு ஒன்று கலைக்கென்று ஆண்டுதோறும் தனியாக வரவேண்டும். முதல் ஆண்டிலே சுமார் 93 கோடி டாலர். அதிலே ஒரு பகுதியை ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை பார்த்துப் பிரிக்க வேண்டும். 500 மாணவருக்கு மேற்பட்ட கல்வி மாவட்டம் அந்தப் பணத்திலே நூற்றுக்கு 80ஐ ஆள் அமர்த்தவே செலவிட வேண்டும். நாற்காலிக்கும் மேடைக்கும் விளம்பரப் பலகைக்கும் போகாதபடி கட்டிய கட்டு அது! பழைய செலவைக் குறைத்துவிட்டுப் புதுப் பணத்தை அந்த இடத்தில் நிரப்பக்கூடாது என்றும் விதி. அந்த விதியை மீறினார்கள் என்று குற்றம் சாட்டி 2025 பிப்ரவரியிலே லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகத்தின்மீது பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவரே அவர்களோடு சேர்ந்து நின்றார். பணக்கார நாட்டிலேயும் காவல் இல்லாமல் மானியம் ஊர் போய்ச் சேருவதில்லை.

நமது கோரிக்கை நீளமானதல்ல. அட்டவணையில் உள்ள அந்த நூறை எடுக்க வேண்டும். சிறு பள்ளிகள் இரண்டு மூன்றுக்குச் சேர்த்தாவது ஒரு கலை ஆசிரியர் வேண்டும். ஊதியம் திட்டத்திலிருந்து கருவூலத்துக்கு மாற வேண்டும். அதுவரை நம் கையிலே இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். ஆலையிலிருந்து ஒரு மாலை சீக்கிரம் வந்து அந்தக் கூட்டத்திலே உட்காருங்கள், தோழர்களே. நம் பள்ளிக்குக் கலை ஆசிரியர் உண்டா, எந்தக் கிழமைகளில் வருகிறார், வருகிற அன்று ஓவியம் கற்பிக்கிறாரா அல்லது அலுவலகத்திலே பதிவேடு எழுதுகிறாரா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்திலே எழுதச் சொல்லுங்கள்.