இனிஷியலுக்குள்ளே ஓர் ஊர்!

உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் என்ன, ஸார்? டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர். கொள்ளுப்பாட்டி பெயரையும் சேர்த்துச் சொன்னால் காலில் விழுந்து கும்பிடுகிறேன். ராயப்பேட்டையில் நான் வாடிக்கையாக டீ குடிக்கிற கடையில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். டெண்டுல்கர் எந்த மாட்ச்சில் எத்தனை ரன் என்று ஒப்பிக்கிற ஆசாமிகள்கூட தாத்தாவோடு ஆல் அவுட்!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக ஓடும். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்து. பிள்ளை பிறந்தால் அதுவும் மாறிப் போச்சு! குளோசிங் பாலன்ஸை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகாத கணக்குப் புத்தகம் மாதிரி. பி.காம். படித்தவனுக்குப் பொறுக்குமா?

ஆனால் அந்த எழுத்துக்குள்ளேதான் விஷயமே இருக்கிறது. எங்கள் பேட்டைக்காரர் திரு.வி.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். 1883-ல் பிறந்தது செங்கல்பட்டு ஜில்லா துள்ளம் கிராமம். படித்ததும், பிறகு தமிழாசிரியராக இருந்ததும் ராயப்பேட்டை வெஸ்லி. ஆனால் பெயருக்கு முன்னால் நிற்கிற 'திரு'? திருவாரூர்! முன்னோர்களின் ஊர். 'வி' என்பது அப்பா விருத்தாசலம். அண்ணாவின் 'சி'யும் அப்படித்தான். காஞ்சிபுரத்தை இங்கிலீஷ்காரன் கான்ஜீவரம் என்று எழுதிய 'சி'. உங்கள் தாத்தாவுக்கு இரண்டு இனிஷியல் இருந்ததா? முதல் எழுத்தை விடாமல் பிடியுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1670-லிருந்து காகிதங்கள். உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். ஊர், தாலுகா, சுமாரான வருஷம் - இந்த மூன்றும் இல்லாமல் போனால் மிஞ்சுவது தும்மல்தான். முதல் ஆவணக் காப்பகம் உங்கள் வீட்டிலேயே, ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் முழிப்பார்கள். "தனுஷ்கோடி புயலப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். "அண்ணா செத்தப்போ எந்த வீட்டுல இருந்தீங்க?" அது 1969 பிப்ரவரி. வருஷத்தை நாம் போட்டுக்கொள்ளலாம். செல்போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் அத்தைக்கு வயசு 87. அவருடைய பாட்டி பெயரை, அதாவது என் கொள்ளுப்பாட்டி பெயரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். "குப்பம்மாடா... ஆயா ஆயான்னே கூப்பிட்டுட்டோம். இத்தனை வருஷமா ஒருத்தரும் கேக்கலையேடா!" என்றார்.

எங்கள் வீட்டுப் பத்திரம் எதிலும் அந்தப் பெயர் இல்லை. நிலம் ஆண்கள் பேரில், கையெழுத்தும் அவர்களுடையது. பெண்களின் பெயர் பாதி வீடுகளில் வாய்வழியாக மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அந்த வாயும் ஓய்ந்துவிட்டால், போயே போச்சு.

அதன்பிறகு காகிதம். பீரோவில் இருக்கிற மூலப்பத்திரத்தை எடுங்கள். 'இன்ன ஊர் இன்னார் குமாரர் இன்னார்' என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஊர், தாத்தா, தாய்மாமன் எல்லாம் ஆஜர். பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயரே பல சமயம் இருக்காது, 'ஆண்' என்றுதான் இருக்கும். அப்பா பெயரையும் தேதியையும் வைத்துத் தேட வேண்டும். சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

ஒரு காமர்ஸ்காரனின் எச்சரிக்கை: வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கூடாது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். "நாம ஜமீன் வம்சம்டா" என்று சித்தப்பா அடித்துவிட்டால், மறுக்க வேண்டாம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வையுங்கள்.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்த ஜனங்களின் பெயர், அப்பா பெயர், வயசு, ஊர் எல்லாம் கப்பல் பதிவேட்டில் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டுதான் இன்று அங்கே உள்ள வாரிசுகள் தமிழ்நாட்டில் தங்கள் கிராமத்தைத் தேடுகிறார்கள். நமக்குச் சொந்த ஊர் ஒரு ராத்திரி பஸ் தூரம்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கும், அடுத்த வருஷம்கூடப் பார்க்கலாம். பாட்டியை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.