ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷர் மாத்திரை என்ன ஆயிற்று?



சரக்கு, வரி, எடை முத்திரை என்று எழுதிவந்த நான் இம்முறை என் உடம்புக் கணக்கை எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் ஆபரேஷன் முடிந்து வீட்டிலிருக்கும் நம் உறுப்பினர்கள் மூவரைப் பார்த்து வந்தேன். மூவரும் பிரஷர்காரர்கள். "பழைய பிரஷர் மாத்திரை ஓடுதா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு ஒருவருக்குத்தான் பதில் தெரிந்தது.

எனக்குப் பருப்பு மொத்த வியாபாரம். பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பிரஷர் உண்டு. 2022-இல் மதுரையில் குடலிறக்க ஆபரேஷன். முதல் நாளே மயக்க டாக்டர் வந்து, "அம்லோடிபினைக் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடுங்கள், டெல்மிசார்டன் நாளைக்கு வேண்டாம்" என்றார். டெல்மிசார்டன் வகை மாத்திரை மயக்க மருந்தோடு சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடக்கூடும். அதனால் அன்றைக்கு மட்டும் நிறுத்தச் சொல்வதுண்டு. எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. அடினோலால், மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் நாடித் துடிப்பும் பிரஷரும் எகிறி இதயத்துக்கே ஆபத்தாகலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் அல்ல.

அன்று இரவு எனக்கு 190/100. மகன் பதறிவிட்டான். நர்ஸம்மாவோ, "ஐயா, ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டார். மத்தியானத்திலிருந்து போகவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. டாக்டரைக் கேட்டு டியூப் போட்டார்கள். அரைமணி நேரத்தில் 150-க்கு இறங்கிவிட்டது. வலி, சிறுநீர் அடைப்பு, குளிர் நடுக்கம், பயம், அளவு மீறி ஏறிய சலைன் இவையெல்லாம் பிரஷரை ஏற்றுமாம். காரணத்தைப் பார்க்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால், காரணம் விலகியதும் பிரஷர் படுத்துவிடும் என்றார் டாக்டர். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது பெருமை என்று நினைத்திருந்தேன். அந்தப் பெருமையும் பிரஷரைத்தான் ஏற்றியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தப்பித்தேன், வீட்டில் மாட்டிக்கொண்டேன். டிஸ்சார்ஜ் சீட்டில் நான்கு புது மருந்துகள் இருந்தன. பழைய மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதவில்லை என்றால் நிறுத்தியாயிற்று என்று நானே முடிவு கட்டினேன். கொள்முதல் சிட்டையில் ஒரு அயிட்டம் விட்டுப்போனால் ஆள் அனுப்பிக் கேட்கிறவன், இதைக் கேட்கவில்லை. நாக்கு செத்துக் கிடந்ததால் கஞ்சிக்கு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் வேறு. எட்டாம் நாளே மண்டிக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். வலித்தது. பையனை அனுப்பி டைக்ளோபினாக் வாங்கிவரச் சொல்லி மூன்று நாள் போட்டேன். அந்த மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், டெல்மிசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் பின்மண்டையில் இடி. தையல் பக்கம் கோழிமுட்டை அளவு வீக்கம். 200/110. உள்ளே ரத்தம் கசிந்து கட்டியிருந்தது. "இந்தக் கசிவு மூளையில் வந்திருந்தால்?" என்று டாக்டர் கேட்டபோது என் வீட்டுக்காரி அழுதுவிட்டாள். மறுபடி நான்கு நாள் படுக்கை.

ஆகவே வீடு திரும்பும் முன், பழைய மாத்திரை அட்டைகளை டாக்டர் மேஜைமேல் பரப்புங்கள். எது எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வேளை என்று எழுதி வாங்குங்கள். வலி மாத்திரையையும் அவரே சொல்லட்டும். வீட்டில் பிரஷர் பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பு காப்பி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பேச்சு வேண்டாம். செல்லில் விலை கேட்டுக்கொண்டே பார்த்தால் கணக்குத் தப்பும். ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷர் இறங்குவதும் உண்டு. படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். தலை சுற்றினால் மாத்திரையை நீங்களே குறைக்காமல் டாக்டரைக் கேளுங்கள். மலச்சிக்கல் வந்து முக்கினாலும் பிரஷர் ஏறும், தையலுக்கும் கேடு.

உப்பு நம் கடைச் சரக்கு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட்டும் நாம் விற்கிறோம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் டெல்மிசார்டன் போடுபவரும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். கடைக்கு வருகிறவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கடும் தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் விழுதல், பார்வை மங்கல், காயத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கடை அடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

என் பிரஷர் கணக்கு இப்போது மண்டியில், கடன் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று காலை 132/80. மூட்டை தூக்கும் கொக்கியை மகன் எங்கே ஒளித்துவைத்தான் என்றுதான் இன்னும் தெரியவில்லை.