போடிநாயக்கனூர் வட்டாரத்தில் நில முதலீடு

நில முதலீடு என்பது பிற்காலத்தில் விலை உயரும் அல்லது வாடகை, விளைச்சல் மூலம் வருவாய் கிட்டும் என்னும் எதிர்பார்ப்பில் மனை, வீடு, விளைநிலம் ஆகியவற்றை வாங்குவதாகும். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில், இராசிங்காபுரம் போன்ற அடிவார ஊர்களின் தோட்டங்கள், நகரையொட்டிய வீட்டுமனைகள், மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்கள் என இது மூவகையாக அமைகிறது. மூன்றின் இயல்பும் வேறு வேறு.

வீட்டுமனை

காலிமனை வருவாய் தருவதில்லை. விலை ஏற்றமே அதன் ஒரே பயன். இந்திய நகரங்களில் வீடுகளுக்குக்கூட ஆண்டு வாடகை பொதுவாக வீட்டு மதிப்பில் 2 முதல் 4 விழுக்காடு மட்டுமே.

பத்து ஆண்டில் விலை இரட்டிப்பானது என்பது பெரிய இலாபமாகத் தோன்றும். கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 7.2 விழுக்காடு கூட்டுவளர்ச்சியே. செலவுகள் இதிலிருந்து கழிய வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் கிரையப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 விழுக்காடு ஆகிறது. எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் ரூபாய் மனைக்கு அடக்கவிலை 10.9 இலட்சம். அது 20 இலட்சத்திற்கு விற்று, தரகு 2 விழுக்காடும் மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடும் (2024 சூலை முதல் உள்ள வீதம்) போனால், கையில் நிற்பது சுமார் 18.5 இலட்சம். உண்மை வளர்ச்சி ஆண்டுக்கு 5.4 விழுக்காடு. வேலி, வட்டி முதலியன இதில் சேரவில்லை.

காத்திருப்புக் காலமும் முன்கூட்டித் தெரிவதில்லை. மதுரை–போடி மீட்டர் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தொடர்வண்டி மீண்டும் தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 சூனிலுமே வந்தது. "இரயில் வரப்போகிறது" என்ற பேச்சை நம்பி 2010இல் மனை வாங்கியவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

அங்கீகாரம்

விளைநிலத்தைக் கல் நட்டுப் பிரித்து விற்ற அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. தவணை முறையில் சேமித்து மனை வாங்கிய பலர் விற்கவும் இயலாது, வீடு கட்டக் கடன் பெறவும் இயலாது தவித்தனர். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அதற்கான கட்டணம் வாங்கியவர் தலையிலேயே விழுந்தது என்பது கருதத்தக்கது. ஊராட்சி ஒப்புதல் மட்டும் போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் ரெரா சட்டப்படி பதிவு பெற வேண்டும்.

வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாரிசுரிமை ஆகியன அதில் தெரியா. ஆகவே தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும்.

ஏலத்தோட்டம்

போடியினர் பலருக்குத் தோட்டங்கள் எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. ஏலமலைக் காப்புப் பகுதியின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே நெடுங்கால வழக்கு. அது வனமா, வருவாய் நிலமா என்பதைப் பொறுத்து உரிமையின் வலிமை மாறும். தோட்டத்தின் மதிப்பு ஏலக்காய் விலையோடும் பிணைந்துள்ளது. 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், இரண்டே ஆண்டில் 1,000 ரூபாய்க்கும் கீழ் இறங்கியது. உச்ச விலையை வைத்துத் தோட்டம் வாங்கியவர்க்குக் கடன் மட்டும் பழைய அளவிலேயே நின்றது.

விளைநிலமும் வரியும்

நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் குறிக்கும் தொலைவுக்கு (மக்கள்தொகை ஒரு இலட்சத்திற்குக் குறைவான நகரெனில் 2 கி.மீ.) அப்பால் உள்ள விளைநிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. அதையே மனையாக மாற்றி விற்றால் இச்சலுகை போய்விடும்.