‘வெயில்’ திரைப்படத்தில் முருகேசனின் பின்புலமும் தொழிலும்

புனைவுப் பாத்திரம் ஒன்றுக்கு வழங்கப்படும் தொழில், அதன் நிலம், குடும்பம், வளர்ப்பு ஆகியவற்றிலிருந்து இயல்பாகக் கிளைப்பதா, கதையின் வசதிக்காக ஒட்டப்பட்டதா என்னும் வினாவுக்கு ஏற்ற சான்று ‘வெயில்’ (2006). விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் இயக்கிய இப்படம், அவ்வாண்டின் சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இதில் பசுபதி ஏற்ற முருகேசன் என்னும் பாத்திரம், கறிக்கடைக்காரரின் மகன், திரையரங்கு ஆபரேட்டர்.

தந்தையின் தொழிலுக்கு விளக்கம் தேவையில்லை. விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் ஆடே உழவனின் கைமுதல். திருச்சுழிக்கு அப்பால் உள்ள வீரசோழன் வாரச்சந்தை ஆட்டு வணிகத்துக்குப் பெயர்பெற்றதும் இதனாலேயே. இந்நிலத்தில் கறிக்கடை எளிய குடும்பத்தின் நம்பகமான பிழைப்பு; மூத்த மகன் கத்தி பிடிப்பதே எதிர்பார்க்கத்தக்கது.

ஆனால் முருகேசன் பள்ளிக்குச் செல்லாமல் படம் பார்த்ததற்காகத் தந்தையால் ஆடை களையப்பட்டு வெயிலில் கட்டிவைக்கப்படுகிறான். அவமானம் தாளாமல் வீட்டைவிட்டு ஓடுபவனுக்கு ஒரு திரையரங்கு அடைக்கலம் தருகிறது. பள்ளிப்படிப்பை முடிக்காதவன் இயந்திரத் தொழிலாளி ஆவது பொருந்துமா என்னும் ஐயம் இங்கு எழலாம். அத்தொழில் கற்கப்பட்ட முறையை அறிந்தோர்க்கு இவ்வையம் எழாது. உரிமம் வேண்டப்பட்ட தொழிலாயினும், கைப்பழக்கம் மூத்த ஆபரேட்டரின் அருகில் நின்றே வந்தது. படச்சுருளைத் திருப்பிச் சுற்றுதல், அறுந்த இடத்தை ஒட்டுதல், எரிந்து குறையும் கார்பன் குச்சிகளின் இடைவெளியைச் சரிசெய்தல் ஆகியன முதற்பாடங்கள். 2000 அடிச் சுருள் ஏறத்தாழ 22 நிமிடங்களில் முடியும். திரையின் வலது மேல்மூலையில் புள்ளி தோன்றியதும் அடுத்த இயந்திரத்துக்கு மாற வேண்டும். இதற்கு வேண்டுவது ஏட்டுக்கல்வியன்று, கண்ணும் பொறுமையும். படத்துக்காக வீட்டையே இழந்த சிறுவனிடம் இவை அமைவது வியப்பன்று. கற்றல் காலத்தைப் படம் விரைந்து கடந்துவிடுவது மட்டுமே குறை.

பொருத்தம் இத்துடன் நிற்கவில்லை. ஆபரேட்டர் படத்தைக் காட்டுபவரே அன்றி முழுமையாகப் பார்ப்பவர் அல்லர். அவர் பார்வை புள்ளியிலும் சுடரிலுமே நிற்கும். வெயிலுக்கு அஞ்சி ஓடியவன் கார்பன் சுடரின் வெக்கை நிறைந்த சிற்றறையில் வளர்கிறான். இதை இயக்குநர் எண்ணியே அமைத்தாரா என்பது வேறு செய்தி.

தம்பி கதிரின் விளம்பரத் தொழிலும் ஏற்கத்தக்கதே. அச்சுத்தொழில் செழித்த சிவகாசி அருகிலேயே உள்ளது.

திரையரங்கு மூடப்பட்ட பின்னரே சிக்கல் தோன்றுகிறது. ஊர் திரும்பும் முருகேசனின் செயலற்ற நிலையை மிகையான சோகமாகக் கொள்வோர் உண்டு. தொழில் நோக்கில் அது மிகையன்று. தச்சன் ஊர் மாறினாலும் உளி உடன்வரும்; ஆபரேட்டரின் திறன் அவ்வறையை விட்டு வெளியே செல்லாது. தொலைக்காட்சியும் குறுந்தகடும் பரவிய காலத்தில் மூடப்பட்ட சிற்றூர்க் கொட்டகைகளின் ஆபரேட்டர்கள் பலருக்கும் நேர்ந்தது இதுவே. தந்தையின் கத்தியையும் முருகேசன் கற்றிருக்கவில்லை. இருபது ஆண்டு உழைத்தவன், தந்தை வீட்டு வாசலில் தொழிலற்றவனாக நிற்கிறான்.