உயர்த்திய ஜீப் ஏன் உதறுகிறது?

நண்பரின் ஜீப் பட்டறை லிஃப்டில் ஏறி நின்றது. அதற்கு முன் வண்டி தரையில் நின்றபோதே, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார் மெக்கானிக். லிஃப்ட் மேலே போனதும் சக்கரங்கள் தம் எடையில் கீழே தொங்கின. மறுபடி டேப் பிடித்தார். வித்தியாசம் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை.

"வண்டியை உயரமாக்கிட்டீங்க தம்பி. சக்கரம் கீழ எறங்க எடமில்லாமப் பண்ணிட்டீங்க" என்றார்.

நான்கு சக்கரத்திலும் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டி அது. மலைப்பாதைக்கு ஏற்றதாக்க வேண்டும் என்று நண்பர் இரண்டு அங்குலம் உயர்த்தும் விறைப்பான ஸ்பிரிங் கிட் ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தார். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் தார்ச்சாலையின் சிறு ஒட்டுகூட முதுகுத்தண்டில் தெரிந்தது. காட்டுப் பாதையில் கிட் பூட்டுமுன் தாண்டிய பள்ளத்தில் இப்போது வண்டி ஒரு சக்கரத்தை அந்தரத்தில் சுழல விட்டு நின்றது. சொகுசைக் கொடுத்துத் திறனை வாங்கியதாக நினைத்தவர் இரண்டையும் இழந்திருந்தார். கரடுமுரடான பாதைக்கு விறைப்பான ஸ்பிரிங்தான் வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு. உடம்புக்கு இதமானதும் பள்ளத்தில் சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைப்பதும் பெரும்பாலும் ஒரே ஸ்பிரிங்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முன்சக்கரம் தாங்கும் உடற்பகுதியின் எடை 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2.5 கிலோ கேட்கிற ஸ்பிரிங் என்றால், வண்டி சும்மா நிற்கும்போதே அது 160 மி.மீ. அமுங்கியிருக்கும். இந்த அமுக்கம்தான் வண்டியின் சேமிப்பு. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் விரிந்து அதைத் தரையை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். 160 மி.மீ. வரை அந்தத் தள்ளல் மிச்சமிருக்கும்.

இப்போது அதே நீளத்தில் விறைப்பான ஸ்பிரிங் ஒன்றை மாட்டுங்கள். மில்லிமீட்டருக்கு 4 கிலோ கேட்பது. அமுக்கம் 100 மி.மீ.தான். வண்டி 60 மி.மீ., அதாவது இரண்டு அங்குலத்துக்கும் மேல், உயர்ந்துவிடும். கடைக்காரர் சொன்ன உயரம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த 60 மி.மீ. எங்கிருந்து வந்தது? சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரத்திலிருந்து. மெக்கானிக்கின் டேப்பில் தெரிந்தது இதுதான்.

சொகுசின் கணக்கும் இதே எண்களுக்குள்தான் இருக்கிறது. முதல் ஸ்பிரிங்கின் மேல் வண்டியின் உடல் நொடிக்குச் சுமார் 1.25 முறை ஏறி இறங்கும். இரண்டாவதில் சுமார் 1.6 முறை. நாம் நடக்கும்போது உடல் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அதைவிட மெதுவான ஆட்டம் உடம்புக்குப் பழகியதுதான். (அரை ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விட்டால் கப்பலில் போவது போலக் குமட்டும்.) மனித உடல் அதிகம் வருந்துவது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வில். வயிறும் முதுகும் உள்ளுறுப்புகளும் ஒத்ததிர்வது அந்த எல்லையில்தான். தரையிலிருந்து வரும் அந்த அதிர்வுகளில் எவ்வளவு மேலே ஏறும் என்பது ஸ்பிரிங்கின் விறைப்பைப் பொறுத்தது. நம் கணக்கில் 2.5-க்குப் பதில் 4 போட்டதும் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது.

மென்மையான, நீண்ட தூரம் அசையும் ஸ்பிரிங் காட்டுப்பாதைக்கே நல்லது என்பதை ஊரறியக் காட்டிய வண்டி 1970-இல் பிரிட்டனில் வந்த ரேஞ்ச் ரோவர். அன்றைய லேண்ட் ரோவர்கள் பட்டை ஸ்பிரிங்கில் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்பென் கிங் தலைமையிலான பொறியாளர்கள், முன்னும் பின்னும் திட அச்சுகளை வைத்துக்கொண்டே, நீண்ட அசைவுள்ள மென்மையான காயில் ஸ்பிரிங்குகளைப் பூட்டினார்கள். மென்மையான ஸ்பிரிங் சுமை ஏறினால் தொய்ந்துபோகும். அதற்காகப் பின் அச்சின் நடுவில், ஓட்டத்திலேயே தானாக உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் சாதனம் ஒன்றை வைத்தார்கள். சுமைக்குப் பயந்து ஸ்பிரிங்கை இரும்புக் கம்பியாக்கி விடாமல், சுமைக்குத் தனியாக ஒரு வழி செய்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த வண்டியின் மிக அழகான முடிவு அதுதான்.

நம் ஊருக்கு அருகிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 2010-இல் வந்த முதல் மஹிந்திரா தார் பின்புறம் பட்டை ஸ்பிரிங்கோடு வந்தது. செங்கல்பட்டு அருகேயுள்ள மஹிந்திரா ஆய்வு மையத்தில் உருவாகி 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங்.

ஸ்பிரிங் எவ்வளவு மென்மை என்பதைப் போலவே முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பொருத்தமும் முக்கியம். இதைக் கண்டறிந்த கதை 1930-களின் அமெரிக்காவில் நடந்தது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து காடிலாக்குக்கு வந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், 1932-இல் ஒரு பெரிய ஏழு இருக்கைக் காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். சொகுசை அளக்க அன்று நல்ல கருவி கிடையாது. வண்டியில் உட்கார்ந்தவர்களின் உடம்புதான் கருவி. முன்புற ஸ்பிரிங் பின்புறத்தைவிட மென்மையாக இருந்தால் வண்டி முன்னும் பின்னும் குத்தாமல் சமமாக மிதக்கிறது என்பது தெரியவந்தது.

காரணம் எளிமையானது. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். இப்போதைய மூன்று கதவுத் தாரின் முன் பின் அச்சுகளுக்கிடையே 2,450 மி.மீ. தூரம். 40 கி.மீ. வேகத்தில் பின்சக்கரம் அதே மேட்டைத் தொட ஏறத்தாழ 0.22 நொடி ஆகும். தாமதமாகத் தொடங்கிய பின்புறம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்புறத்தை எட்டிப்பிடித்து இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். முன்புறம் வேகமாகவும் பின்புறம் மெதுவாகவும் ஆடினால் வண்டி ஆட்டுக்கல் குழவி போலத் தலையாட்டும்.

இரும்பு பம்பரும் வின்ச்சும் பூட்டியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முன்னால் எடை கூடியதென்று கடையில் இருப்பதிலேயே விறைப்பான முன் ஸ்பிரிங்கைப் போட்டுவிடுகிறார்கள். எடை பத்து சதவீதம் கூடினால் ஸ்பிரிங்கின் விறைப்பும் பத்து சதவீதம் கூடினால் போதும். ஆட்டத்தின் வேகம் பழையபடியே இருக்கும். அதற்கு முதலில் எடை தெரிய வேண்டும். வழக்கமாக ஏற்றும் ஆட்கள், பெட்டி, டீசலோடு வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோய், முன் அச்சை மட்டும் ஒருமுறை, பின் அச்சை மட்டும் ஒருமுறை எடைபோடுங்கள். லாரி எடைபோடும் இடத்தில் பத்து நிமிட வேலை. இந்த இரண்டு எண்களைக் கேட்காமல் ஸ்பிரிங் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். செலவழிக்கப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைப் போட வேண்டிய இடம் இது. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பித் தந்துவிடும். அந்த ஆற்றலைத் தீர்ப்பது ஷாக்தான். உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்குகிறது; அசைவு சூடாக மாறுகிறது. ஆட்டத்தை ஒரே மூச்சில் அடக்கிவிடும் அளவுக்கு இறுக்கமாக அதை அமைப்பதில்லை. அப்படி அடக்கத் தேவையான தடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால்தான் உடம்புக்கு இதம்.

மெதுவாக வளைவில் சாயும்போது ஷாக்கின் தண்டு மெல்ல நகர்கிறது. கல்லில் மோதும்போது பாய்கிறது. நல்ல ஷாக் முதலாவதில் உறுதியாக நின்று இரண்டாவதில் வழிவிடும். அடுக்கடுக்கான வால்வுத் தகடுகளின் வேலை அது. விலை வித்தியாசத்துக்கு அந்தத் தகடுகளும் ஒரு காரணம். திரும்பி விரியும் திசையில் தடை அளவுக்கு மீறினால் இன்னொரு தொல்லை: சக்கரம் ஒரு மேட்டிலிருந்து இறங்கி முடிக்குமுன் அடுத்த மேடு வந்துவிடும். வரிவரியான மண்சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் தடுப்பில் இடிக்கும். ஓட்டுபவர் ஸ்பிரிங் மென்மை என்று நினைத்து இன்னும் விறைப்பானதைத் தேடுவார்.

அதே சாலையில் மணிக்கணக்கில் ஓடினால் ஷாக் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். சாதாரண இரட்டைக்குழாய் வகையில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடும்; நுரை துளைகளில் சுலபமாக ஓடிவிடும்; தடை போய்விடும். ஒற்றைக்குழாய் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைக்கிறது. அதனால் நுரைப்பதில்லை. நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இது வீண் செலவு அல்ல.

பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டுகளுக்கிடையே துருவேறி உராய்வு கூடிவிட்டால், சிறு மேடுகளில் அந்தக் கட்டு அசைவதே இல்லை. வண்டி டயர்மேல்தான் துள்ளுகிறது. கட்டைப் பிரித்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த புஷ்களை மாற்றிப் பூட்டினாலே வேறு வண்டி போலிருக்கும். புதிய ஸ்பிரிங் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

டயரும் ஸ்பிரிங்தான். மண்பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அருகே இறக்கினால் கூர்மையான கற்களை டயரே விழுங்கிவிடும். தரையைத் தொடும் பரப்பும் நீளும். செலவே இல்லாத மேம்பாடு இது. வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மறுபடி நிரப்பியாக வேண்டும். தாழ்ந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

உயரத்தைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால், அதே மென்மையில் நீளமான ஸ்பிரிங்கும், அதற்கேற்ற நீளமான ஷாக்கும் வேண்டும். முன் அச்சுத் தண்டின் கோணம் கூடித் தேய்வதையும், ஸ்டீயரிங் நேராக நில்லாமல் அலைவதையும், வளைவில் கவிழும் வாய்ப்பு கூடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நண்பர் விறைப்பான ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்தவற்றையே திரும்பப் போட்டார். மிச்சப் பணத்தில் நல்ல ஷாக்குகள் வாங்கினார். மெக்கானிக் ஒவ்வொரு ஷாக்கின் தண்டிலும் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கி, உடலோடு ஒட்ட நகர்த்தி வைத்தார். தண்டு உள்ளே போகும்போது ஷாக்கின் உடல் டையைத் தள்ளும். வெளியே வரும்போது டை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. அன்று மாலை வழக்கமான மலைப்பாதையில் போய்வந்து குனிந்து பார்த்தோம். நான்கு டைகளும் கடைசி எல்லைக்கு இரண்டு விரற்கடை இப்பால் நின்றிருந்தன. பின் இருக்கையில் நண்பரின் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.