விமானத்தின் மூக்கில் ஒரு படம்

சித்தூர், பலமனேர் வழியாகப் பெங்களூர் போகும் லாரிகளின் நெற்றியைப் பாருங்கள். குலதெய்வம், பிள்ளைகளின் பெயர், கண்திருஷ்டிக்கு ஒரு பூதமுகம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களும் இப்படித்தான் முகத்தில் படம் எழுதிக்கொண்டு பறந்தன. ராணுவம் கொடுத்தது வெறும் எண். பெயர் சூட்டியது விமானி. வரைந்தது பெரும்பாலும் தளத்திலேயே வேலை பார்த்த, கைவண்ணம் தெரிந்த ஒரு சிப்பாய். இங்கிலாந்தின் பாசிங்பர்ன் தளத்தில் டோனி ஸ்டார்சர் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு வரைந்தார். புகழ்பெற்ற 'மெம்பிஸ் பெல்' அவர் கைவேலைதான்.

படத்துக்குப் பக்கத்தில் கணக்கும் இருக்கும். ஒரு தாக்குதலுக்கு ஒரு குண்டுப் படம். கரக்பூர் வட்டாரத்திலிருந்து பறந்த பி-29 விமானங்களில் ஒட்டகமும் உண்டு: இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன ஒவ்வொரு நடைக்கும் ஒன்று.

அந்தக் கணக்கு ஏறுவதும் நிற்பதும் தரையில் இருந்த மெக்கானிக்குகள் கையில்தான். பி-24 லிபரேட்டரில் எஞ்சின் நான்கு. ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு விமானத்துக்கு 112 பிளக். இதில் சில அடைத்துக்கொண்டாலே எஞ்சின் திணறும். விமானம் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான்.

இந்த வேலையைப் பெங்களூரும் நன்றாக அறியும். 1940இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலை, 1943 முதல் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுச் சென்றது. இனி யாரும் ஓட்டக்கூடாதென்று எஞ்சினில் மணலைக் கொட்டி, உடலை உடைத்துவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஆலையின் ஆட்கள் அவற்றைப் பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுதாகச் சீரான பிறகு, நாற்பதுக்கும் மேற்பட்டவை 1968 வரை இந்திய விமானப்படையில் பறந்தன.

அவற்றில் ஒன்றை 1984இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்தது. 2005இல் அதன் மூக்கில் 'விட்ச்கிராஃப்ட்' என்ற பெயரும் படமும் ஏறின. போர்க்காலத்தில் அந்தப் பெயரைத் தாங்கிய வேறொரு விமானம், இயந்திரக் கோளாறால் ஒருமுறைகூடத் திரும்பாமல் 130 தாக்குதல்களை முடித்தது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு அதன் மெக்கானிக்குகளுடையது. அவர்கள் நினைவைச் சுமக்க வாய்த்ததோ, பெங்களூர் மெக்கானிக்குகள் பிழைக்கவைத்த விமானம்!